வண்டு கிடைத்த இடம்

ஜூன் 2, 2017

மாலை நாலு மணிக்கு ஊசிப்பாறை வந்து சேர்ந்தேன். மலைச்சாலை, தேயிலைக் கொழுந்து நிறுக்கும் ஷெட்டோடு முடிந்துபோகிறது. ஜீப்பை அங்கே நிறுத்திவிட்டு மிச்சம் நாலு கிலோமீட்டரும் நடை. சோலைக்காட்டுக்குள் ஒற்றையடிப் பாதை. இரண்டு இடத்தில் ஓடையைத் தாண்ட வேண்டும். தாண்டினால் எஸ்டேட் தொழிலாளர்களின் லயன் வீடுகள், அறுபத்து மூன்று குடும்பங்கள். மூன்றாவது லயனில் பூட்டிக்கிடந்த அறையை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். காலுறையைக் கழற்றியபோது பதினோரு அட்டைகள்.

வந்த வேலையை எழுதி வைக்கிறேன். இந்த நாலு கிலோமீட்டருக்கும் தார்ச்சாலை போட உத்தரவாகியிருக்கிறது. நகரத்து இயற்கைச் சங்கம் ஒன்று வழக்குப் போட்டிருக்கிறது. அவர்களுடைய மனுவில் ஒரு வண்டு இருக்கிறது. 1936இல் ஒரு வெள்ளைக்கார வன அதிகாரி இந்தச் சோலையில் பிடித்த சிப்பாய் வண்டு. ஒரே ஓர் ஆண். லண்டனில் ஓர் அருங்காட்சியகத்தின் இழுப்பறையில் ஊசி குத்தி வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு அதை உயிரோடு பார்த்தவர் யாரும் இல்லை. அது இன்னும் இங்கே இருக்கிறதா என்று தீர்ப்பாயம் கேட்கிறது. முப்பதாம் தேதிக்குள் நான் பதில் எழுத வேண்டும். இருக்கிறது என்றால் சாலை நிற்கும். இல்லை என்றால் சாலை வரும்.

என் ஆய்வேட்டில் தென்னாட்டுச் சிப்பாய் வண்டுகள் முப்பத்தேழு வகை. முப்பத்தாறைக் கையில் வைத்துப் பார்த்து எழுதினேன். இந்த ஒன்றை மட்டும் ஒரு பழைய புகைப்படத்தைப் பார்த்து எழுதினேன். அதற்காக இந்த வேலையை ஒப்புக்கொள்ளவில்லை. கேட்டார்கள், வந்தேன்.

ஜூன் 3

காட்டுக்குள் என்னோடு வருவதற்கு வீரணன். முப்பத்தைந்து வயதிருக்கும். எஸ்டேட்டில் தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டுபவர். அதிகம் பேசமாட்டார். லண்டன் வண்டின் புகைப்படத்தைக் காட்டினேன், பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவர் மனைவி அன்னக்கிளி எனக்குச் சாப்பாடு கொண்டுவருகிறாள். அவள் கணவனுக்கும் சேர்த்துப் பேசுகிறாள்.

"மேடம், பூச்சி இருந்தா ரோடு வராதாமே, நெசமா?"

"அதை நான் முடிவு பண்றதில்லைம்மா. இருக்கா, இல்லையான்னு மட்டும்தான் சொல்லுவேன்."

"அப்ப முடிவு பண்றது நீங்கதான" என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

வெள்ளைத் துணியைக் கிளைக்கு அடியில் விரித்து, குச்சியால் கிளையைத் தட்டினால் மேலே இருப்பதெல்லாம் துணியில் விழும். இன்று நாற்பது கிளைகள். கூன்வண்டு, சிலந்தி, இலைத்தத்தி. சிப்பாய் வண்டு எதுவும் இல்லை.

ஜூன் 5

இல்லை. மேற்குச் சரிவு முழுக்கப் பார்த்தாயிற்று. வீரணன் அந்தப் பக்கம்தான் பூ அதிகம் என்கிறார்.

ஜூன் 6

வீரணனின் தங்கை நாகஜோதி பிரசவத்துக்காக அண்ணன் வீட்டுக்கு வந்திருக்கிறாள். இருபத்திரண்டு வயது. கணவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். எட்டு மாதம் முடியப் போகிறது. மாலையில் என் அறை வாசலில் வந்து உட்கார்ந்து, லென்ஸ் வழியாக ஒன்றொன்றாகப் பார்த்தாள். லண்டன் புகைப்படத்தையும் கேட்டு வாங்கிப் பார்த்தாள்.

"இத்துணூண்டுக்கா மேடம் இம்புட்டுப் பேச்சு?"

"சிப்பாய்னு பேர். ஆனா மத்த வண்டுக்கு இருக்குற கெட்டி ஓடு இதுக்குக் கிடையாது. தோல் மாதிரி இருக்கும், விரலால அழுத்தினா மடங்கிரும்."

"பாவம். பேரு மட்டும் சிப்பாயி." வெகுநேரம் சிரித்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "இவனும் சிரிக்கிறான்" என்றாள்.

போன வருடம் ஆறாவது லயனில் ஒருத்தியை நாற்காலியில் கட்டித் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். இரண்டாவது ஓடையிலேயே பிள்ளை இறந்து பிறந்ததாம். எஸ்டேட் மருந்தகத்தை மூடி நாலு வருடம் ஆகிறது. நாகஜோதியைப் பதினேழாம் தேதி அடிவாரத்தில் சின்னம்மா வீட்டில் கொண்டுபோய் விடலாம் என்று பேச்சு. என் ஜீப்பிலேயே போகலாம் என்றேன். அதுவரை ஏதாவது அவசரம் என்றாலும் வண்டி ஷெட்டில் நிற்கும், நான் இருக்கும்வரை அது எங்கும் நகராது என்று அன்னக்கிளியிடம் சொன்னேன். ஓட்டுநர் செல்லப்பாண்டிக்கு ஷெட்டிலேயே படுக்கை.

"அது நிக்குதுன்னு தெரிஞ்சாலே ஒரு தெம்பு மேடம்" என்றாள் அன்னக்கிளி. இன்று எனக்கு முட்டைக் குழம்பு.

ஜூன் 9

இல்லை. தொண்டை வலி.

ஜூன் 11

காலையிலிருந்து தூறல். குறிப்பிடத்தக்கதாக எதுவும் இல்லை. குப்பிகள் 38 முதல் 44 வரை. 41ஐத் தனியாக எடுத்து வைத்தேன்.

ஜூன் 12

நேற்று சரியாக எழுதவில்லை. எழுதுகிறேன்.

திரும்பி வரும்போது, இரண்டாவது ஓடைக்குக் கீழ்க்கரையில் வெள்ளைப் பூங்கொத்துகள் உள்ள புதர் வரிசை ஒன்றைப் பார்த்தேன். பாதையிலிருந்து பதினைந்து அடிதான் இருக்கும். இத்தனை நாளும் அதைக் கடந்துதான் போயிருக்கிறோம். "அங்க ஒண்ணும் இருக்காது மேடம், அட்டைதான் கடிக்கும்" என்றார் வீரணன். நான் இறங்கிவிட்டேன். முதல் தட்டிலேயே துணியில் விழுந்தது. ஒன்பது மில்லிமீட்டர். நீலச்சாம்பல் நிறச் சிறகுறை. தலைக்குப் பின்னால் ஆரஞ்சு நிறக் கவசம், அதில் ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு கறுப்புப் புள்ளிகள். பிடித்ததும் பக்கவாட்டில் வெள்ளையாக ஒரு துளியைக் கசியவிட்டது. அதுதான் அதற்குள்ள ஒரே ஆயுதம்.

"இதுவா மேடம் அந்தப் பூச்சி?" என்று தோளுக்கு மேலிருந்து கேட்டார்.

"இல்ல. இது வேற" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், ஆணின் உறுப்பைப் பிரித்துப் பார்க்காமல் எந்த வகை என்று உறுதியாகச் சொல்ல முடியாது. தெரியாததைச் சொல்லக்கூடாது.

இன்று அவரை வேறு வேலைக்கு அனுப்பிவிட்டுத் தனியாகப் போனேன். அந்தப் புதர் வரிசையில் பத்தொன்பது எண்ணினேன். ஒன்றையும் பிடிக்கவில்லை. இரண்டு மணி நேரம் ஈரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். பூவிலிருந்து பூவுக்கு நிதானமாக நடக்கின்றன. வேறு சரிவுகளில் இந்தப் புதரே இல்லை. சாலைக்காக அடித்த சிவப்புக் கொடிக் குச்சி இந்த வரிசையின் நடுவில் நிற்கிறது.

ஜூன் 13

போன் எடுப்பது லயனுக்கு மேலே உள்ள பாறையில் மட்டும்தான். ஏறிப்போய்க் கோதையை அழைத்தேன். என்னோடு ஆய்வு செய்தவள். இப்போது பெங்களூரில் ஒரு பூச்சிச் சேகரிப்பகத்துக்குப் பொறுப்பாளர்.

"கோதை, ஒரு ஆண் இருக்கு. நீ பார்க்கணும்."

"எது? அதுவா? தமயந்தி, விளையாடாத."

"பாரு, பார்த்துட்டுச் சொல்லு."

"நான் பதினேழாம் தேதி காலைல லண்டன் போறேன். வேற வேலை. ஆனா அந்த மியூசியத்துக்குத்தான். கையில கிடைச்சா அங்கேயே பக்கத்துல வச்சுப் பார்த்துரலாம். பதினாறாம் தேதிக்குள்ள வருமா? எங்க பிடிச்ச?"

வழக்கு நடப்பதால் இடத்தைச் சொல்லவில்லை. குப்பியில் எண் மட்டும் எழுதினேன்.

அவள் மறுபடி எப்போது லண்டன் போவாள் என்று தெரியாது. அந்தப் புகைப்படத்தைப் பார்த்து எழுதி இருபது வருடம். ஒரு நாள்தானே.

ஜூன் 14

விடியற்காலையில் ஷெட்டுக்கு நடந்துபோய்ப் பொட்டலத்தைச் செல்லப்பாண்டியிடம் கொடுத்தேன். தேனியில் பெங்களூர் பஸ்ஸில் பார்சல் போட்டுவிட்டு நாளை மதியத்துக்குள் திரும்பிவிட வேண்டும் என்றேன். "வண்டி இங்கதான நிக்கணும்னு சொன்னீங்க மேடம்" என்றார். பதினேழாம் தேதிக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது என்றேன்.

லயனில் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை.

ஜூன் 15

நாகஜோதி இறந்துவிட்டாள்.

ஜூன் 17

நேற்று அடக்கம். இன்று எழுத முடிகிறது.

பதினைந்தாம் தேதி காலை ஒன்பது மணிக்கு வலி கண்டது. மூன்று வாரம் முன்னதாகவே. அன்னக்கிளி ஓடிவந்து சொன்னாள். பக்கத்து லயன் ஆள் ஒருவர் பாறைக்கு ஏறிப்போய் ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். கீழிருந்து வர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றார்களாம். "எதுக்கு அது? ஷெட்டுல மேடம் ஜீப்பு நிக்குதுல்ல" என்றார் வீரணன். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் நாற்காலியைத் தூக்கிவிட்டார்கள். முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். மழை. வீரணன் முன்னால் இடது பக்கம். அன்னக்கிளி குடை பிடித்துக்கொண்டு ஓடினாள். நான் கடைசியாக நடந்தேன்.

முதல் ஓடையில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். இரண்டாவதில் பின்னால் வந்தவர் சறுக்கினார். நாற்காலி சாய்ந்தது, விழவில்லை. நாகஜோதி ஒருமுறைகூடக் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, "அண்ணே, மெதுவா" என்றாள். அவ்வளவுதான்.

பதினொன்று நாற்பதுக்கு ஷெட்டை அடைந்தோம். ஜீப் இல்லை.

வீரணன் ஷெட்டைச் சுற்றி ஓடிப்போய்ப் பின்பக்கமும் பார்த்தார். ஒரு ஜீப்பை எங்கே ஒளித்து வைக்க முடியும்? "எங்க போனாரு டிரைவரு? மேடம், எங்க போனாரு?" என்றார். நான் தெரியாது என்று தலையை ஆட்டினேன்.

கொழுந்துச் சாக்குகளைப் பரப்பி அதில் கிடத்தினோம். பன்னிரண்டரைக்குப் பெண் குழந்தை பிறந்தது. உடனே அழுதது. எல்லோரும் சிரித்தார்கள், நானும். பிறகு அன்னக்கிளி, "நிக்க மாட்டேங்குது மேடம்" என்றாள். சாக்கு கறுத்துக்கொண்டே போனது. துணி, துண்டு, என்னுடைய வெள்ளைத் துணி, எல்லாவற்றையும் கொடுத்தோம்.

ஒன்றரை மணிக்கு ஆம்புலன்ஸ். குழந்தையோடு அன்னக்கிளியும் நானும் ஏறினோம். ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் எதிரே ஒரு வண்டி ஏறி வந்தது. சைரனைக் கேட்டு ஓரமாக ஒதுங்கி நின்று வழிவிட்டது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். செல்லப்பாண்டி.

ஏழாவது வளைவுக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. ஆம்புலன்ஸில் வந்த நர்ஸ் ஆஸ்பத்திரி வரும்வரை மார்பை அழுத்துவதை நிறுத்தவில்லை.

ஜூன் 18

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதினொன்று நாற்பதுக்கு ஜீப் புறப்பட்டிருந்தால் ஒன்றேகாலுக்கு ஆஸ்பத்திரி. குழந்தை வழியில் பிறந்திருக்கும். ரத்தம் போகத் தொடங்கிய முக்கால் மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரியில் இருந்திருப்பாள். மறுபடி போட்டேன். அதே விடைதான் வருகிறது.

ஜூன் 19

அன்னக்கிளி சாப்பாடு கொண்டுவந்தாள். வேண்டாம் என்று சொல்லியிருந்தேன், கேட்கவில்லை. குழந்தை கீழே ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. நாகஜோதியின் கணவன் கூட இருக்கிறான். நாலு நாளில் தூக்கி வரலாமாம்.

"ஜீப்புல பிரேக்கு சரியில்லன்னு சரிபண்ணப் போனாராமே மேடம்? டிரைவர் அண்ணன் சொன்னாரு."

செல்லப்பாண்டி எனக்காகச் சொன்ன பொய். நான் ஆமாம் என்றேன்.

"அவ விதி. நீங்க என்ன பண்ணுவீங்க? மனசப் போட்டு வருத்திக்கிடாதீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஜூன் 20

பாறையில் கோதையின் செய்தி. இரண்டு படங்கள். இடது பக்கம் லண்டன் வண்டு, வலது பக்கம் 41. ஏழாவது உணர்கொம்புக் கணுவின் பள்ளம் வரைக்கும் ஒன்றாக இருக்கிறது. "எண்பத்தொரு வருஷம்! நீ அழுதுட்டிருப்பேன்னு தெரியும்" என்று எழுதியிருந்தாள்.

ஜூன் 22

வீரணன் இன்று வேலைக்கு வந்தார். தாடி. என்னுடைய பையை வழக்கம்போலத் தூக்கிக்கொண்டார். எங்கே போகலாம் என்று கேட்கவில்லை. நான் நேராக இரண்டாவது ஓடைக்கு நடந்து, கீழ்க்கரைப் புதர் முன்னால் நின்றேன். பூக்கள் பாதி உதிர்ந்திருந்தன. வண்டுகள் மூன்றோ நாலோ தெரிந்தன.

"அன்னைக்கு நீங்க கேட்டீங்க, இதுவான்னு. இதுதான்" என்றேன்.

"தெரியும் மேடம்."

"தெரியுமா?"

"படத்தக் காமிச்ச அன்னைக்கே தெரியும். மழை இறங்குற பத்து நாளு இந்தப் பூவுல வரும், போயிரும். சின்னதுலருந்து பாக்குறேன். அதனாலதான் உங்கள மேக்கால கூட்டிட்டே சுத்துனேன்." கொஞ்சம் நிறுத்தி, "நீங்களும் இல்லன்னு சொன்னீங்க. சரி, மேடம் நம்ம பக்கம்தான் போலன்னு நெனச்சேன்" என்றார்.

பிறகு மற்றதைச் சொன்னேன். பிரேக் பழுது இல்லை. இதில் ஒன்றைப் பிடித்துக் குப்பியில் போட்டு, தேனிக்குக் கொடுத்தனுப்பினேன். அதற்காகத்தான் வண்டி போனது. அன்று ஷெட்டில் நிற்கும்போது எனக்குத் தெரியும். நாற்காலியைத் தூக்கும்போதே தெரியும்.

அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். பையை மெதுவாகக் கீழே வைத்தார். கரையில் உட்கார்ந்தார்.

"வழியெல்லாம் அவகிட்ட என்ன சொல்லிட்டே வந்தேன் தெரியுமா? ஷெட்டு வந்துட்டா ஜீப்பு நிக்கும் தாயி. ஷெட்டு வந்துட்டா ஜீப்பு நிக்கும் தாயி. அதையேதான். வேற ஒண்ணும் சொல்லல."

நான் அழுதேன். அவர் அழவில்லை. என் அழுகை முடியும்வரை காத்திருந்தார். அதில் இரக்கம் எதுவும் இல்லை.

"என்ன எழுதப் போறீங்க?" என்றார்.

"உள்ளதைத்தானே எழுதணும்."

"அன்னைக்கு என்கிட்ட இல்லன்னு சொன்னீங்கல்ல? அதையே எழுதுங்க."

"வீரணன், அது..."

"என்கிட்டச் சொன்னப்ப வாய் வந்துச்சுல்ல? எழுதவும் கை வரும்."

எழுந்து போய்விட்டார். பையை நானே தூக்கி வந்தேன்.

ஜூன் 23

அன்னக்கிளி வரவில்லை. வாசலில் சாப்பாடு மட்டும் இருந்தது. தட்டின் மேல் மூடி இருந்தது.

ஜூன் 25

இரண்டு அறிக்கைகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் வண்டு இருக்கிறது. சாலையை எஸ்டேட் கைவிட்ட தேயிலை நிலம் வழியாகத் திருப்பலாம் என்று பரிந்துரை. அந்த நிலத்தைத் தரமாட்டோம் என்று எஸ்டேட் ஏற்கனவே எழுதிக்கொடுத்துவிட்டது. நிலத்துக்காக வழக்குப் போட்டால் அது முடியப் பத்து வருடம் ஆகலாம். மற்ற அறிக்கை ஒரே வரி.

எட்டாவது லயனில் ஒருத்திக்கு ஐந்து மாதம்.

ஜூன் 28

"இருபத்தாறு நாள் தொடர்ந்து தேடியும் மேற்படி வண்டினம் காணப்படவில்லை." கையெழுத்திட்டேன்.

இது பரிகாரம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஜூன் 30

வீட்டுக்கு வந்துவிட்டேன். கோதை லண்டனிலிருந்து திரும்பியதும் அழைத்தாள். கட்டுரை எழுத வேண்டும், லேபிள் வேண்டும், எந்த இடம், எந்த நாள் என்றாள்.

எங்கள் துறையில் வண்டுக்குப் பெயர் தப்பாக வைத்தால் பின்னால் வருபவர் திருத்திக்கொள்வார். லேபிளில் இடம் தப்பாக இருந்தால் யாராலும் திருத்த முடியாது. ஆய்வேட்டுக்குச் சேர்ந்த முதல் வாரம் நாங்கள் இரண்டு பேரும் கற்றுக்கொண்டது இது.

"அது போன வருஷம் பிடிச்சது கோதை. பழைய குப்பியில கலந்து கிடந்துச்சு. மஞ்சநூத்து மலை. மே பதினொண்ணு, 2016."

"ஊசிப்பாறை இல்லையா?"

"இல்லை."

"சரி" என்றாள்.

மஞ்சநூத்து மலைக்கு நான் ஒரே ஒரு முறை மாணவர்களோடு சுற்றுலா போயிருக்கிறேன்.

நவம்பர் 14, 2017

சாலைக்கு இருந்த தடை நீங்கியது. செய்தித்தாளில் நாலு வரி.

பிப்ரவரி 9, 2018

கட்டுரை வெளிவந்தது. இரண்டு பெயர்கள், என் பெயர் முதலில். கல்லூரியில் பாராட்டுக் கூட்டம். பொன்னாடை. முதல்வர் என்னை மாணவிகளுக்கு முன்மாதிரி என்றார். பொன்னாடையைப் பீரோவில் வைக்கவில்லை. அது இன்னும் காரின் பின் இருக்கையில் கிடக்கிறது.

டிசம்பர் 3, 2018

செல்லப்பாண்டியைக் கடைவீதியில் பார்த்தேன். ஊசிப்பாறைக்குத் தார் போட்டாயிற்று, மினி பஸ் போகிறது என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

ஏப்ரல் 27, 2019

கோதை அனுப்பிய செய்தி. நல்ல செய்தி என்று தலைப்பு வைத்திருந்தாள். மஞ்சநூத்து மலையின் தெற்குச் சரிவை வண்டுக்காகப் பாதுகாக்கப் போகிறார்கள். மேய்ச்சலுக்குத் தடை. அங்கே ஆடு வைத்திருக்கும் பதினேழு குடும்பங்களுக்கு நோட்டீஸ் கொடுத்தாயிற்று. கோதையின் ஆராய்ச்சி மாணவி யாழினி ஒரு பருவம் முழுக்க அங்கே தேடினாளாம், இன்னும் கிடைக்கவில்லை. "சரியான இடம் சொல்லேன், எந்த ஓடை, எந்தப் பூ?"

பதில் எழுத உட்கார்ந்தேன். ஓடையின் இடது கரை என்று எழுதினேன். அதை அடித்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

மே 30, 2019

யாழினியே அழைத்தாள். மெலிந்த குரல். "மேடம், இங்க ஒரு தாத்தா இருபது ஆட்டையும் வித்துட்டாரு. அந்த வண்ட ஒரு தடவ எனக்குக் காட்டும்மா, எதுக்காக வித்தேன்னு தெரியட்டும்ங்கிறாரு. என்ன சொல்றது மேடம்?"

தேடிக்கொண்டே இரு என்றேன்.

ஜூன் 12, 2019

ஊசிப்பாறை. பஸ்ஸிலேயே போனேன். ஷெட்டிலிருந்து லயனுக்குப் பன்னிரண்டு நிமிடம். இரண்டாவது ஓடையின் மேல் சிமெண்டுப் பாலம். கீழ்க்கரையை மண் கொட்டி மேடாக்கியிருக்கிறார்கள். வெள்ளைப் பூப் புதர்களில் பாலத்துக்கு அந்தப் பக்கம் மூன்று மிஞ்சியிருக்கின்றன. பூத்திருந்தன. பள்ளிக்கூடக் கட்டிடத்தில் தங்கிக்கொள்ள அனுமதி வாங்கினேன்.

ஜூன் 15, 2019

நாலு நாள். மூன்று புதர்களிலும் ஒவ்வொரு பூங்கொத்தாகப் பார்த்தேன். புழுக்கள் சருகுக்கு அடியில் வளரும் என்பதால் சருகையும் சலித்தேன். மேலும் கீழும் இரண்டு கிலோமீட்டர் நடந்தேன். தேனீ, ஈ, கூன்வண்டு.

இன்று மதியம் வீரணன் பாலத்தில் வந்து நின்றார். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. அதன் நெற்றியையும் பல்வரிசையையும் பார்த்ததும் யாருடைய மகள் என்று தெரிந்தது. நான் எழுந்து நின்றேன். கையில் துணியும் குச்சியும் இருந்தன.

"பூச்சி தேடுறீங்களா?"

"ஆமா."

"நானும் பாத்துட்டுத்தான் வாரேன். போன மழைக்கும் பாத்தேன், இந்த மழைக்கும் பாத்தேன். வரல."

"நீங்க எதுக்கு..."

குழந்தை குச்சிக்குக் கையை நீட்டியது. அவர் அதன் கையை மடக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இந்த ரோடு வந்து நாலு பிரசவம். நாலும் கீழ ஆஸ்பத்திரில. வாரா வாரம் நர்ஸம்மா வருது" என்றார். "அதையும் எழுதிக்கிடுங்க, எங்கயாச்சும்."

"அன்னக்கிளி எப்படி இருக்கா?"

"இருக்கா. நீங்க வந்துருக்குறது தெரியும். வரமாட்டா."

மூன்றரை மணி பஸ் பாலத்தைத் தாண்டும்வரை ஓரமாக நின்றார். பிறகு குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு லயனுக்கு நடந்தார்.

ஜூன் 18, 2019

இன்று கடிதம் எழுதினேன். கோதைக்கு, தீர்ப்பாயத்துக்கு, மஞ்சநூத்து மேய்ச்சல் தடைக்குப் பொறுப்பான வன அலுவலகத்துக்கு, கல்லூரிக்கு. நாலும் ஒரே வாசகம். குப்பி 41இல் உள்ள வண்டு மஞ்சநூத்து மலையில் கிடைத்தது அல்ல. ஊசிப்பாறை, இரண்டாவது ஓடையின் கீழ்க்கரை, ஜூன் 11, 2017. மறுநாள் அங்கே பத்தொன்பது வண்டுகளை எண்ணினேன். தெரிந்தே மறைத்தேன். ஆடு மேய்ப்பவர்களுக்குப் போட்ட தடையை நீக்க வேண்டும்.

நாகஜோதியைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். படித்துப் பார்த்தபோது எனக்காக மன்னிப்புக் கேட்பது போல இருந்தது. எடுத்துவிட்டேன்.

நான்கையும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். கோதையின் கடிதத்தை மட்டும் படமெடுத்துச் செல்போனிலும் அனுப்பினேன். தபாலில் போய்ச் சேரும்வரை என்னால் காத்திருக்க முடியவில்லை.

ஜூன் 19, 2019

முதல்வர் அழைத்தார். கோதையின் நிறுவனத்திலிருந்து கேட்டார்களாம். விசாரணை முடியும்வரை வகுப்புக்கு வரவேண்டாம் என்றார். யாழினி ஒரே வார்த்தை அனுப்பியிருந்தாள்: "ஏன்?"

ஜூன் 21, 2019

காலை பதினோரு மணிக்குக் கோதை. கத்துவாள் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்திருந்தேன். அவள் கத்தவில்லை. பின்னால் யாரோ கதவைச் சாத்தினார்கள்.

"தமயந்தி, இப்ப அங்க இருக்கா?"

"நாலு நாள் தேடினேன்" என்றேன். "இல்லை."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட."

அவள் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.